ஓய்வு பெற்றவரின் டேர்ம் பாலிசி: தொடர்வதா, விடுவதா? (ஜும்ஆ பயான்)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே! திரைக்குப் பின்னால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இன்றைய விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு விதத்தில் ஆண்களைவிட உங்களுக்கே அதிகம் தேவைப்படும் விஷயம்.

சென்ற வாரம் காட்டூரிலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். அரசு வேலையில் இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு பாலிசிப் பத்திரம். "ஹஜ்ரத், 45 வயசுல எடுத்தது. 50 லட்சம். 70 வயசு வரைக்கும் இருக்கு. வருஷம் 24 ஆயிரம் கட்டுறேன். இப்ப சம்பளம் நின்னுபோச்சு, பென்ஷன்தான். இதைத் தொடர்ந்து கட்டணுமா, விட்டுடலாமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் அனுமதி கொடுத்ததால், பெயர் சொல்லாமல் அந்தப் பேச்சை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பக்கம் அனல் மின் நிலையத்திலும், துறைமுகங்களிலும், அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெறும் தலைமுறை ஒன்று இப்போது உருவாகியிருக்கிறது. நம் தகப்பனார்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஏரிக்கு ஏது ஓய்வு வயது? வலை தூக்க முடிகிற வரை போனார்கள், முடியாதபோது கரையில் உட்கார்ந்து வலை பின்னினார்கள்.

முதலில், டேர்ம் பாலிசி என்றால் என்ன? குறிப்பிட்ட வருடங்களுக்குள் நாம் மவ்த்தாகிவிட்டால் கம்பெனி பெரிய தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கும். அந்தக் காலம் முடியும்வரை நாம் உயிரோடு இருந்தால் ஒன்றும் வராது, கட்டியது திரும்பாது. அவ்வளவுதான். இதிலே சேமிப்பு கிடையாது, போனஸ் கிடையாது.

இதைப் பற்றி ஆலிம்கள் என்ன சொல்கிறார்கள்? நம்மில் பலர் இதைப் பள்ளிவாசல் வாசலிலேயே விட்டுவிட்டு ஏஜெண்டிடம் பேசப் போய்விடுகிறோம். 1985-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிரந்தரப் பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் பெரிய அளவில் 'கரர்' இருக்கிறது, எனவே அது ஹராம் என்று தீர்மானித்தது. கரர் என்றால், வாங்குவது என்ன, எவ்வளவு, எப்போது என்று தெளிவில்லாத வியாபாரம். அதே தீர்மானம், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கத்தில் எல்லோரும் நன்கொடையாகப் போட்டு வைக்கும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. அதைத்தான் தகாஃபுல் என்கிறோம். சூடானில் 1979-லேயே அப்படி ஒரு கம்பெனி தொடங்கியது. மலேசியாவில் 1984-இல் தனிச் சட்டமே வந்தது. பக்கத்தில் இலங்கையில் அமானா தகாஃபுல் 1999-இல் ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை.

அப்படியானால் இந்திய முஸ்லிம் என்ன செய்வது? தேவ்பந்த் தாருல் உலூமின் ஃபத்வாக்கள் கூடாது என்ற பக்கமே நிற்கின்றன. காஜி முஜாஹிதுல் இஸ்லாம் காசிமி (ரஹ்) அவர்கள் நிறுவிய இஸ்லாமிக் ஃபிக்ஹ் அகாடமி, 1990-களின் தொடக்கத்தில் இதை விவாதித்தது. கலவரங்களில் உயிரும் உடைமையும் பறிபோகும் நம் நாட்டுச் சூழலைப் பார்த்து, தேவையின் அடிப்படையில் சலுகை கொடுத்தது. இரண்டு பக்கமும் பெரிய ஆலிம்கள். நான் யாரையும் குறை சொல்லும் தகுதியில் இல்லை.

ஆனால் சகோதரர்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சலுகை கொடுத்தவர்களும் எதற்காகக் கொடுத்தார்கள்? தேவைக்காக. ஃபிக்ஹில் மதரஸா மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் ஒரு விதி உண்டு: ஒரு காரணத்துக்காக ஆகுமாக்கப்பட்டது, அந்தக் காரணம் நீங்கினால் சலுகையும் நீங்கிவிடும். தண்ணீர் கிடைக்காதவன் தயம்மும் செய்யலாம். தண்ணீர் வந்த பிறகும் மண்ணைத் தடவிக்கொண்டிருக்க முடியுமா?

ஆக, ஓய்வு பெற்றவர் கேட்கவேண்டிய கேள்வி இது: நான் இந்தப் பாலிசியை எடுத்த நாளில் இருந்த தேவை இன்றும் இருக்கிறதா?

அந்தப் பெரியவரிடம் நான் கேட்டேன். "45 வயசில் ஏன் எடுத்தீங்க?" அவர் சொன்னார்: "அப்ப வீட்டுக் கடன் ஓடிக்கிட்டிருந்துச்சு. பையன் பள்ளிக்கூடம். பொண்ணு சின்னது. நான் திடீர்னு போயிட்டா அவங்க கதி?" சரியான கவலை. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஒரு வருடத்துக்கான உணவை எடுத்து வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. தவக்குலின் இமாம் அவர்கள்தானே! எனவே குடும்பத்துக்காக முன்கூட்டி யோசிப்பவரைப் பார்த்து 'உனக்கு ஈமான் குறைவு' என்று யாரும் பேசாதீர்கள்.

"இப்ப?" என்று கேட்டேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. பையன் சென்னையில் சம்பாதிக்கிறான். பெண்ணுக்கு நிகாஹ் ஆகிவிட்டது. இவர் 2003-க்கு முன்பே வேலையில் சேர்ந்தவர், பழைய பென்ஷன் திட்டம். இவர் மறைந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். அதாவது அன்று இவருடைய சம்பளத்தை நம்பி நான்கு உயிர்கள் இருந்தன. இன்று சம்பளமே இல்லை. இல்லாத சம்பளத்துக்கு எதற்குக் காப்பீடு?

"அப்ப விட்டுடலாம்ல?" என்றார். முகத்தில் ஒரு தயக்கம். "15 வருஷம் கட்டிட்டேனே ஹஜ்ரத். மூணரை லட்சத்துக்கு மேல போயிருக்கு. வீணாப் போயிடுமே."

இந்த வார்த்தையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். 'வீணாப் போச்சு' என்றால் என்ன அர்த்தம்? நான் மவ்த்தாகவில்லை என்று அர்த்தம்! 15 வருடம் அல்லாஹ் உயிரோடு வைத்தான், பிள்ளையின் படிப்பைப் பார்த்தார், மகளின் நிகாஹில் வலீயாக உட்கார்ந்தார். இது நஷ்டக் கணக்கா? போன பணம் போனது. இனி கட்டப்போகும் பத்து வருடத்து 2 லட்சத்து 40 ஆயிரத்தைப் பற்றித்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய பணத்துக்காகப் புதுப் பணத்தைப் போடுவது, அறுந்த வலை கடலோடு போய்விட்டதே என்று புது வலையையும் அதன் பின்னால் வீசுவது போல.

பேச்சு இங்கே முடிந்திருக்கும். கவரை மடித்துக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இன்னொண்ணு இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

மகளின் திருமணத்துக்கு மச்சானிடம் 3 லட்சம் வாங்கியிருக்கிறார். ஆறு வருடம் ஆகிறது. எழுதி வாங்கவில்லை. மச்சான் கண்ணியமானவர், ஒருநாளும் கேட்டதில்லை. இவருடைய மனைவிக்கு ஏதோ கொஞ்சம் வாங்கினார் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பையனுக்கு ஒன்றுமே தெரியாது. "நான் போயிட்டா அந்த 50 லட்சத்துல கடன் அடைஞ்சிடும்னு மனசுக்குள்ள ஒரு தைரியம். அதனாலதான் விட மனசு வரல."

சகோதரர்களே, நான் கேட்டேன்: யாருக்கும் தெரியாத கடனை அந்த 50 லட்சம் எப்படி அடைக்கும்? பணம் நாமினி கைக்குப் போகும். நாமினியாக யாரைப் போட்டிருக்கிறீர்கள்? பையனை. பையனுக்குக் கடன் தெரியாது. மச்சான் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார். 50 லட்சம் வீட்டுக்கு வரும், 3 லட்சம் கழுத்தில் தொங்கும்.

ஸலமா இப்னு அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் செய்தி உங்களுக்குத் தெரியும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மூன்று தீனார் என்றார்கள். ஏதாவது விட்டுச் சென்றாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று நகர்ந்துவிட்டார்கள் அண்ணலார். அபூகதாதா (ரலி) அவர்கள் எழுந்து அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகே தொழவைத்தார்கள். மூன்று தீனார், சகோதரர்களே! நம்மில் எத்தனை பேருடைய கடன் அவரவர் நெஞ்சுக்குள் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது?

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். அல்பகராவின் 282. தொழுகைக்கோ நோன்புக்கோ அவ்வளவு நீளமான தனி வசனம் இல்லை. அல்லாஹ் நம்மை அறிவான்.

அந்தப் பெரியவரிடம் ஓய்வுக்காலப் பணம் கொஞ்சம் வங்கியில் இருந்தது. "அதில் பாதியை இப்போதே மச்சானிடம் கொடுங்கள். மீதிக்கு, பாலிசிக்குக் கட்டும் 24 ஆயிரத்தை வருடா வருடம் அவருக்குக் கட்டுங்கள். இன்று இரவே ஒரு தாளில் எழுதி, மனைவியிடமும் மகனிடமும் சொல்லி வையுங்கள்" என்றேன். மனைவியின் மஹர் பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டேன். சிரித்தார். நீங்களும் சிரிக்கிறீர்கள். அதுவும் கடன்தான்.

இப்போது மறுபக்கம். எல்லோரும் போய் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவர் வீடும் ஒவ்வொரு மாதிரி.

கம்பெனியில், ஒப்பந்த வேலையில் இருந்தவர்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் மிகக் குறைவு. பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரத்தில் என்ன வாங்குவார் அந்த விதவை? பி.எஃப்.-ஓடு சேர்ந்து வரும் இன்சூரன்ஸ் அதிகபட்சம் 7 லட்சம் வரை கொடுக்கும், ஆனால் வேலையில் இருக்கும்போது மவ்த்தானால்தான். ஓய்வு பெற்ற மறுநாள் அது கிடையாது. பலருக்கு இது தெரியாது. இப்படிப்பட்டவருக்குத் தன்னைவிடப் பத்து வயது இளைய மனைவி இருக்கலாம், தானாக எழுந்து நடக்க முடியாத ஒரு பிள்ளை இருக்கலாம், வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் ஓடலாம். 60 வயதானதும் அவருடைய தேவை முடிந்துவிட்டதா? முடியவில்லை. சலுகை கொடுத்த ஆலிம்களின் கருத்தைப் பின்பற்றி எடுத்தவர் இவர் என்றால், அந்தத் தேவை தீரும்வரை தொடர்வதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். கடன் முடிகிற வருடம் வரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

நிறுத்துவதாக இருந்தாலும் அவசரம் வேண்டாம். விட்டுவிட்டுப் பிறகு வேண்டும் என்றால் இந்த வயதில் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், பாக்கிப் பிரீமியத்துக்கு வட்டி போடுவார்கள். சர்க்கரை, பிரஷர் இல்லாதவர் இந்த மஸ்ஜிதில் எத்தனை பேர்? எனவே முதலில் மஷூரா. யாரோடு? மனைவியோடு! பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர், வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதவையாகப் போகிறவர் நானா, அவரா?

பாலிசியைத் தொடர்பவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. நாமினி என்பவர் ஷரீஅத்தின் பார்வையில் பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே. நாட்டுச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, மக்கள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பயன் அவர்களுக்கே என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. அதைக் காட்டி ஒரு மகன் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டால் கோர்ட்டில் தப்பிக்கலாம். மறுமையில் தாய்க்கும் சகோதரிக்கும் என்ன பதில்? கஃபன், கடன், வஸிய்யத் போக மீதியில், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய் உயிரோடிருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று. மீதி மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று. கடுமையான கருத்துடைய ஆலிம்களோ, நாம் கட்டிய தொகை அளவுதான் வாரிசுப் பணம், அதற்கு மேல் வருவதை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். உங்கள் குடும்பம் அந்தக் கருத்தில் இருந்தால், 50 லட்சம் பாலிசி உங்கள் வீட்டுக்கு உண்மையில் சில லட்சம்தான். அதற்காகவா பத்து வருடம் கட்டுவது? இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடுமையாக நோயுற்றிருந்தபோது, தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். பாதியைக் கேட்டார்கள். மூன்றில் ஒன்றுக்கு அனுமதித்த நபி (ஸல்) அவர்கள் அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகள் மனிதர்களிடம் கையேந்தும் நிலையில் விடப்படுவதைவிடத் தேவையற்றவர்களாக விடப்படுவது நல்லது என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீஸை ஏஜெண்டுகளும் இப்போது சொல்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் மீதியைச் சொல்வதில்லை. ஸஅத் (ரலி) அன்று மரணிக்கவில்லை. ஒரே மகள் இருந்த அவருக்கு அதன் பிறகு பல பிள்ளைகள் பிறந்தார்கள். பல பத்தாண்டுகள் வாழ்ந்து, பாரசீகத்தையே வென்றார்கள்.

இப்போது ஏரிப் பக்கம் வருகிறேன். ஓய்வூதியமும் பாலிசியும் இல்லாத நம் மீன்பிடிச் சகோதரர்கள். முகத்துவாரத்தை மணல் மூடுகிற நாட்களில் படகு எப்படிப் புரளும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்த மீனவர்களுக்கு அரசின் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமானாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. நம் கையிலிருந்து காசு போகவில்லை, எனவே இதை அரசின் உதவியாகவே நான் பார்க்கிறேன். பதிவைப் புதுப்பிக்காமல் இருப்பதுதான் குற்றம்.

ஆனால் அது விபத்துக்கு மட்டும். படகிலேயே மாரடைப்பு வந்தால்? வங்கி வழியாக வருடம் 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி திட்டம் எந்த மரணத்துக்கும் 2 லட்சம் தரும், 55 வயதோடு முடிந்துவிடும். 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா திட்டம் 70 வரை, அதுவும் விபத்துக்குத்தான். 56 வயதில் நோயில் போகும் ஒரு நண்டு பிடிப்பவரின் மனைவிக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை.

அவருக்கு நாம்தான் இருக்கிறோம். அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). இது நமக்குப் புதிதா? இந்தப் பழவேற்காடு ஏரியில் பட்டினவர் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறதே! நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, வளமான இடமும் வளமற்ற இடமும் மாறி மாறி எல்லோருக்கும் வரும். ஜித்தாவில் கூடித் தீர்மானித்தவர்கள் நம் ஏரிக்கரைக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் கடனாளிக்குத் தொழவைக்காமல் விலகிய அதே நபி (ஸல்) அவர்கள், வெற்றிகள் வந்து பொருளாதாரம் விரிந்தபோது, வழியில்லாமல் கடனோடு இறப்பவரின் கடனுக்கு நானே பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற செல்வம் வாரிசுகளுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அபூகதாதா (ரலி) தனி ஆளாகச் செய்ததைச் சமுதாயம் செய்யத் தொடங்கியது. நம் ஜமாஅத்தின் பைத்துல்மால் இன்று கஃபன் துணிக்கும் கப்ர் வெட்டுவதற்கும் கொடுக்கிறது. இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாட்களுக்கு அந்த வீட்டின் அரிசியையும் மின்கட்டணத்தையும் எடுத்துக்கொள்ள முடியாதா? பாலிசியை நிறுத்தும் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் கடனை அடைத்த பிறகு, அந்தப் பிரீமியத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் போதும். நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு சொல்வதாக இருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

காட்டூர்ப் பெரியவர் நேற்று போன் செய்தார். மச்சானிடம் ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டாராம். மச்சான் வாங்க மறுத்திருக்கிறார், பிறகு அழுதாராம். பாலிசிக்கு அடுத்த பிரீமியம் மார்ச்சில். அதற்குள் மனைவியோடு பேசி முடிவெடுப்பதாகச் சொன்னார். அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி பாலிசியைப் பற்றியது இல்லையாம்: "வேற யார்கிட்டயாவது வாங்கியிருக்கீங்களா?"

யா அல்லாஹ், எங்கள் கடன்களை நாங்கள் உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவைப்பாயாக. எங்களுக்குப் பின் எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் எவரிடமும் கையேந்த விடாதே. ஏரியிலும் கடலிலும் இருப்பவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக. ஆமீன்.

தொழுகைக்குப் பிறகு வஸிய்யத்தும் கடன் விவரமும் எழுத விரும்புபவர்கள் வலது பக்கத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். இரண்டு சாட்சிகளும் அங்கேயே கிடைப்பார்கள்.